கொடையும் கணக்கும்

மாணவ நண்பர்களே, "உக்கிராணம்" என்னும் சொல்லை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப்பக்கத்துக் கலியாண வீடுகளில் அரிசி, பருப்பு, வெல்லம், காய்கறி ஆகியவற்றை ஓர் அறையில் வைத்துப் பூட்டி, நம்பிக்கையுள்ள முதியவர் ஒருவரிடம் சாவியை ஒப்படைப்பார்கள். அந்த அறைக்கு உக்கிராணம் என்று பெயர். கோயில்களிலும் சத்திரங்களிலும் இச்சொல் வழங்கியது. சாவி வைத்திருப்பவர் உக்கிராணக்காரர். அவர் அள்ளிக் கொடுப்பவற்றுள் ஒரு படி அரிசியும் அவருடையதன்று. ஆயினும் ஒவ்வொரு படிக்கும் அவரே பொறுப்பாளி.

தமிழில் விவிலியத்தைப் பெயர்த்த பெரியோர், எசமானனுடைய உடைமையை நிர்வகிக்கும் ஊழியனைக் குறிக்க வேறெங்கும் போய்ச் சொல் தேடவில்லை. இந்தப் பழஞ்சொல்லையே எடுத்தாண்டார்கள். கணக்கு ஒப்புவிக்கும்படி அழைக்கப்பட்ட ஊழியனைப் பற்றிய உவமை லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பதினாறாம் அதிகாரத்தில் உள்ளது. அதில் அவனுக்கு உக்கிராணக்காரன் என்றே பெயர். கிறிஸ்தவ ஆலயங்களில் காணிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் "உக்கிராணத்துவம்" என்று இன்றும் சொல்வதைக் கேட்கலாம். மனிதன் தன் பொருளுக்கு உரிமையாளன் அல்லன், பொறுப்பாளனே என்பது அச்சொல்லின் உட்கருத்து.

ஒரு பொதுக் காரியத்துக்குப் பொருள் கொடுப்பது எப்படி, கொடுத்ததைக் காப்பது எப்படி என்னும் இரண்டு கேள்விகளுக்கும் நம் நாட்டு வரலாறு என்ன விடை சொல்கிறது என்பதையே இன்று பேச விரும்புகிறேன். என் ஊர்ப்புறத்திலிருந்து தொடங்குகிறேன்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. இன்று அது காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றுக்கு அக்கரையில் பழைய சீவரம். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழைய சீவரத்து மலைக்கு எழுந்தருளி, பின் ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். ஆற்றில் மணலைத் தவிர வேறொன்றும் காணாத ஆண்டுகளிலும் அன்றைக்கு மட்டும் கரை இரண்டும் மக்கள் வெள்ளத்தால் நிரம்பியிருக்கும். அந்தக் கூட்டத்தில் தேங்காயும் கரும்பும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களில் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரை நின்று பார்க்கிறவர் அரியர். நானும் இளமையில் பார்த்தவனல்லன். ஆசிரியன் ஆன பிறகே பார்த்தேன்.

அச்சுவரில் நெடிய வரிகளாக ஒரு கல்வெட்டு ஓடுகிறது. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்தது. கல்வெட்டுத் துறையினர் 1915இல் இதனைப் படியெடுத்தனர். பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஆராய்ந்து எபிகிராபியா இந்திகா என்னும் தொகுதியின் 21ஆம் மடலில் வெளியிட்டார். மாதவன் என்னும் வைசியர் ஒருவர் இக்கோயிலில் சனநாத மண்டபம் எடுப்பித்தார். அங்கே வேதமும் இலக்கணமும் கற்பிக்க ஒரு பள்ளி நடந்தது. மாணவர் தங்க விடுதி இருந்தது. "வீரசோழன்" என்று பெயரிட்ட ஆதுலர்சாலை ஒன்றும் இருந்தது. ஆதுலர் என்றால் நோயாளிகள். இன்றைய பேச்சில் சொன்னால் அது 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன், பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில்!

இதைக் கேட்டுப் பெருமிதம் கொள்வது இயல்பு. ஆனால் என்னை வியக்க வைத்தது மருத்துவமனை இருந்த செய்தியைக் காட்டிலும் அதற்கு எழுதப்பட்ட கணக்குத்தான். ஆதுலர்சாலையில் பணியாற்றியவர் யார் யார், அவரவர்க்கு ஆண்டுக்கு எவ்வளவு என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர் மருத்துவர். அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்கிறவர் ஒருவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்ய உதவுவோர் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவருக்கு 30 கலமும் ஒரு காசும். நாவிதர் ஒருவருக்கு 15 கலம். தண்ணீர் கொணர்பவருக்கு 15 கலம்.

நான் கணக்கு வாத்தியாராகவும் இருந்தவன். ஆகையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்காமல் விட மனமில்லை. பன்னிரண்டு குறுணி கொண்டது ஒரு கலம். எட்டு நாழி கொண்டது ஒரு குறுணி. மருத்துவருக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி வீதம் 360 நாளைக்கு 1,080 குறுணி. பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 90 கலம். பேணும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 4 நாழி; இருவருக்கும் சேர்த்து ஒரு குறுணி; ஆண்டுக்கு 30 கலம். ஒரு நாழியும் மீறவில்லை, குறையவும் இல்லை. மருத்துவரின் நாட்கூலி நோயாளியைத் தொட்டுப் பேணுகிற பெண்ணின் நாட்கூலியைப்போல் ஆறு மடங்கு என்பதும் இந்தக் கணக்கிலேயே வெளிப்படுகிறது. அது நியாயமா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். கல் அதற்கு விடை சொல்வதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறதே, அது கணக்கு வெளிப்படையாக எழுதப்பட்டதால் அல்லவா?

ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராக வருகின்றன. தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, பில்வாதி நெய், கல்யாண லவணம் என்று ஏறக்குறைய இருபது. பள்ளியில் 60 மாணவர். இருக்கு வேதத்துக்குப் பத்துப் பேர், யசுர் வேதத்துக்குப் பத்துப் பேர், இலக்கணத்துக்கு இருபது பேர் என்று தொடங்கி எண்ணிக்கை போகிறது. சனிக்கிழமைதோறும் அவர்கள் தலைமுழுக எண்ணெய் கொடுக்க வேண்டும் என்பதுகூட விடுபடவில்லை. விடுதிப் பிள்ளைகளின் எண்ணெய்க் குளியலை அரசாணையில் எழுதி வைத்த காலம் அது! நான் பணியாற்றிய நாட்களில் ஒரு விடுதிக்குத் தேங்காயெண்ணெய் பெற மூன்று மாதம் கடிதம் எழுதியதை நினைத்துக்கொள்கிறேன்.

சரி, இவ்வாறு எழுதி வைத்ததை நிறைவேற்றுகிறவர்கள் பிறழ்ந்தால் என்ன செய்வது? அதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வட்டத்தின் தலைநகரான உத்திரமேரூருக்குப் போனால் போதும். முதற் பராந்தகனுடைய 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது 919இலும் 921இலும், அவ்வூர்ச் சபையார் செய்த விதிகள் அங்கே கல்லில் உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தது உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருத்தல் வேண்டும். இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

பாடநூல் ஒரே வரியில் கடந்துவிடும் விதி ஒன்று உண்டு. முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு உரியவர் அல்லர். அவர் மட்டுமா? அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனர் என்று உறவினர் வரிசை ஒன்று நீளமாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் ஒருவரும் உரியவரல்லர். ஒருவர் கணக்கை மறைத்தால் குடும்பமே வெளியே! ஊர்க்கணக்கு எழுதுகிறவருக்கும் தனி விதி. தாம் எழுதிய காலத்துக் கணக்கை வாரியப் பெருமக்களிடம் தாமே ஒப்புவித்து, நேர்மையானவர் என்று ஏற்கப்பட்ட பிறகே அவர் மறுபடி அமர்த்தப்படுவார். அவருக்குப் பதிலாக வேறொருவர் புகுந்து அக்கணக்கை முடித்து வைத்தல் கூடாது. நிர்வாக அனுபவம் உள்ளவர்களுக்கு இவ்விதியின் கூர்மை உடனே புலப்படும்.

இவற்றையெல்லாம் போற்றும்போது ஓர் உண்மையை மறைத்துவிடக் கூடாது. உத்திரமேரூர்ச் சபை நிலமுடைய அந்தணர்களின் சபை. குடும்புச் சீட்டில் உழுகிறவன் பெயரோ நாற்று நடுகிறவள் பெயரோ ஏறியதில்லை. திருமுக்கூடல் ஆதுலர்சாலைக்கு வந்த நெல் அவர்கள் விளைவித்த நெல். ஆனால் கொடுத்தவர் பட்டியலில் அவர்கள் இல்லை. மேலிருப்பவர் கொடுத்தனர், மேலிருப்பவரே கணக்குக் கேட்டனர். ஏழை ஒருவன் தானே கொடையாளனாகி, அந்த உரிமையில் "என் பொருள் என்ன ஆயிற்று?" என்று கேட்கும் நிலை எப்போது வந்தது? பல வழிகளில் பல இடங்களில் வந்திருக்கலாம். எனக்கு நேரில் தெரிந்த ஒரு வழியைச் சொல்கிறேன்.

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நான் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றேன். விடுதியில் இடமில்லாமல் போகவே, கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டு மாடியில் தங்கினேன். அவ்வீட்டு ஆச்சி கைம்பெண். தையல் வேலை செய்து பேரப்பிள்ளைகளை வளர்த்து வந்தார். காலையில் உலை வைத்ததும் அரிசியைக் களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து, அடுப்பங்கரை மூலையில் இருந்த சிறு மண்கலயத்தில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். மாதக் கடைசி ஒன்றில் பானையின் அடி தெரிந்தது. அன்றும் அவர் கை கலயத்தை நோக்கிப் போவதைக் கண்டு, "ஆச்சி, இன்னைக்குச் சாப்பிட்டு மிஞ்சினால் போடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சினக்கவில்லை. "உலையில போட்ட பிறவு எடுக்க முடியுமாய்யா?" என்றார், அவ்வளவுதான். அன்று அவர் தம் இலையில் குறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இந்தப் பிடியரிசி வழக்கத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது என்பதைப் பிற்பாடு அறிந்தேன். பாளையங்கோட்டையின் முதல் ஆலயம் 1785இல் எழுந்தது. 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா என்னும் மராட்டிய அந்தணக் கைம்பெண்ணின் முயற்சியாலும் பொருளாலும் எழுந்தது. ஊரார் அதைப் பாப்பாத்தி கோவில் என்றே அழைத்தனர். இது திருமுக்கூடல் வகை: செல்வமுடைய ஒருவர் எடுப்பிக்கிறார், மற்றவர் பயன் பெறுகின்றனர். பின்னர்ச் சபைகள் பெருகின. பெருகியவை பனையேறிகளும் கூலிகளும் நிறைந்த சிற்றூர்ச் சபைகள். கிறிஸ்தவரானமைக்காக நிலக்கிழார்களின் தொல்லைக்கு ஆளானவர்கள் ஒதுங்கி வாழப் புதிய ஊர்கள் தேவைப்பட்டன. 1799இல் முதலூர் அவ்வாறு தோன்றியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், இத்தகைய ஊர்களுக்கு நிலம் வாங்குவதற்கென்றே 1830இல் தர்ம சங்கம் என்னும் அமைப்பை ஏற்படுத்தினார். ஆலயம் கட்டுவதற்கு முன்னமே ஏழைக்கு மனை வாங்கித் தருவதற்காக ஒரு பொது நிதி என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் உபதேசியாருக்கும் குருவானவருக்கும் சம்பளம் பெரும்பாலும் இலண்டனிலிருந்து வந்தது. 1841 முதல் 1872 வரை சர்ச் மிஷனெரிச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹென்றி வென் என்பவர் இதனை நன்மையாகக் கருதவில்லை. எந்தச் சபையும் தன்னைத் தானே தாங்கவும், தன்னைத் தானே ஆளவும், தன்னைத் தானே பரப்பவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. இம்மூன்றின் வரிசையைப் பாருங்கள். தாங்குதல் முதலில் வருகிறது. சம்பளம் கொடுக்கிறவன் கையில் அதிகாரமும் தங்கிவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். திருநெல்வேலிச் சபைகளில் உள்ளூர் நிதியும், அதனைக் கவனிக்கும் சபை மன்றங்களும் உருவாயின. நாணயம் அரிதாக இருந்த சிற்றூர்களில் அந்நிதிக்குள் என்ன வரும்? அரிசி வரும், கருப்பட்டி வரும், முட்டை வரும்.

இதில் குறை இல்லாமல் இல்லை. தன்னைத் தாங்குகிற ஏழைச் சபையிடம், "நீயே கட்டு, நீயே கொடு" என்று சொல்லிவிட்டுச் செல்வமுள்ள நாட்டார் விலகிக்கொள்வதும் எளிதாகிவிடும். மேலும், பணம் தாங்களே கொடுத்த பின்பும் மேற்பதவிகள் நெடுங்காலம் வெள்ளையரிடமே இருந்தன. 1896இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம் ஆனபோது முதல் பேராயரானவர் சாமுவேல் மார்லி என்னும் ஆங்கிலேயர். தாங்குதல் வந்தால் ஆளுதல் தானே வந்துவிடும் என்பது நடைமுறையில் அவ்வளவு நேராக நிகழவில்லை.

இங்கேதான் வேதநாயகம் சாமுவேல் அசரியா வருகிறார். 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகச் சென்றார். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் கடந்து இந்தியாவில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். அந்தக் காட்சி அவரை உறுத்தியது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் பணத்தில் ஊழியம் பெற்று வந்த தம் திருநெல்வேலி, பிறருக்கு என்ன கொடுத்தது?

அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரி 12ஆம் நாள், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதே அடிப்படை. சாமுவேல் பாக்கியநாதன் முதல் ஊழியராகப் புறப்பட்டார். அவர் போன இடம் தெலுங்கு பேசும் தோரணக்கல். அந்நாளில் நிசாம் ஆட்சிக்குட்பட்ட பகுதி. மொழி தெரியாது, உறவு கிடையாது. அவருக்கான செலவு திருநெல்வேலியின் சிற்றூர்களிலிருந்து வந்தது. எங்கோ வெள்ளாளன்விளையிலும் மெய்ஞ்ஞானபுரத்திலும் கலயத்தில் விழுந்த அரிசி, அறியாத மொழி பேசும் அறியாத ஊருக்குப் போயிற்று என்று எண்ணிப் பாருங்கள். நம் நாட்டுப் பாடநூல்கள் 1905ஆம் ஆண்டு சுதேசி இயக்கத்தைச் சிறப்பித்துச் சொல்கின்றன; சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டு டிசம்பர் 25இல் செராம்பூரில் தேசிய மிஷனெரிச் சங்கமும் தோன்றியது. அயலார் பணத்தை நம்பாமல் சொந்தக் காலில் நிற்கும் உணர்வு அரசியலுக்கு மட்டும் உரியதாக அக்காலத்தில் இருக்கவில்லை.

அசரியா 1909இல் தாமே தோரணக்கல்லுக்குச் சென்றார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவரே. அவர் பொறுப்பேற்ற மக்களில் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினர். பிறர் நிலத்தில் உழைத்து அன்றாடக் கூலியை தானியமாகப் பெற்றவர்கள். அவர்களிடம் காணிக்கை கேட்கலாமா? கேட்பது கொடுமை என்றே பலர் எண்ணியிருப்பர். அசரியா கேட்டார். ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி தானியம். அறுவடையில் ஒரு கதிர்க்கட்டு. கோழி, முட்டை, காய்கறி, இயன்றது எது ஆனாலும் சரி. காலமெல்லாம் கை நீட்டி வாங்குகிறவர் என்று பிறரால் கருதப்பட்ட மக்கள், ஆலயத்தில் கை நிறையக் கொண்டுவந்து வைக்கிறவர்களாக ஆனார்கள். கொடுப்பதற்குரியவன் என்னும் தகுதியை ஏழையிடமிருந்து பறித்துவிடலாகாது என்பது அவர் கருத்து. கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் தனிநூலே எழுதியிருக்கிறார்.

தோரணக்கல் பேராலயம் 1939 சனவரி 6இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோயில், பள்ளிவாசல் ஆகியவற்றின் அமைப்புகளும் கலந்த கட்டடம் அது. கட்டத் தொடங்கிப் பல்லாண்டு நின்றும் நடந்தும் முடிந்தது. அசரியா 1945ஆம் ஆண்டின் முதல் நாள் மறைந்தார்.

இனி, திருநெல்வேலிப் பக்கத்தில் நான் கண்ட ஒரு காட்சியையும் சொல்லிவிட வேண்டும். ஆச்சி என்னை ஒருமுறை தம் பிறந்த ஊரின் பண்டிகைக்கு அழைத்துச் சென்றார். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஆலய முற்றத்தில் ஏலம் விட்டார்கள். வாழைத்தார், பூசணிக்காய், கருப்பட்டி, கால் கட்டிய சேவல். ஒரு தேங்காய்க்கு இருவர் போட்டியிட்டனர். அந்நாளில் கடையில் இரண்டோ மூன்றோ ரூபாய்க்குக் கிடைத்திருக்கும் அந்தத் தேங்காய் ஐம்பதைத் தாண்டியது. கூட்டம் ஆரவாரித்தது. எனக்கு அதில் பாதி பக்தியாகவும் பாதி வீம்பாகவும் பட்டது. ஏலத் தொகையை எழுதிக்கொண்டிருந்தவர் தேங்காய்க்கு ஐம்பத்தைந்து என்று பெருந்தொகையை எழுதிய அதே பேனாவால், அடுத்த வரியில் "முட்டை ஒன்று" என்று எழுதி, அதைக் கொண்டுவந்த மூதாட்டியின் பெயரையும் எழுதினார். மாலையில் எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட அசனத்துக்குமுன் அந்தப் பட்டியல் முழுவதும் உரக்கப் படிக்கப்பட்டது. மூதாட்டி தம் பெயர் வரும் வரை எழுந்திருக்கவில்லை. பெயர் படிக்கப்பட்டதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து பந்திக்குப் போனார்.

இதை நான் அறிந்திருந்தும் என் பணிக்காலத்தில் ஒரு பிழை செய்தேன். மாணவர்களுக்கு அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோரத்தை அழித்தது நீங்கள் அறிந்ததே. அப்போது நான் பாலாற்றங்கரையில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியன். பள்ளி திறந்ததும் பிள்ளைகள் கொண்டுவந்த காசைச் சேர்த்தோம். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகளே மிகுதி. எட்டணா, ஒரு ரூபாய், சிலர் ஐந்து ரூபாய். தொகையை எண்ணி, வரைவோலை எடுத்து, உரிய நிவாரண நிதிக்கு அனுப்பினேன். ரசீதும் முறையாக வந்தது. அதை என் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஒரு காசும் தவறவில்லை. ஆகையால் என் கடமை முடிந்தது என்று எண்ணினேன்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் கொடிநாள் வசூலுக்காக ஏழாம் வகுப்புக்குப் போனேன். பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். "சார், போன வாட்டி குடுத்த காசு அங்கே போய்ச் சேர்ந்துடுச்சா சார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உட்காருடா" என்று அதட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கணக்குக் காட்டாதவனுடைய சிற்றன்னை மக்கள், அத்தை மக்கள், மைத்துனர் என்று அந்தக் கல் வரிசையாக எழுதி வைத்திருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். திருமுக்கூடல் சுவரில் தண்ணீர் கொணர்பவனுக்கு 15 கலம் என்பது வரை எழுதியிருப்பதைப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டியவனும் நான். அவன் கேட்டது ஒரு ரூபாயைப் பற்றித்தான். அவனுடைய தாய் செங்கற்சூளையில் வேலை செய்தாள் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ரசீதையும் வகுப்புவாரித் தொகைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வந்தேன். முந்திய நாள் அதட்டியது தவறு என்று அனைவர் முன்னும் சொன்னேன். பிறகு அந்தப் பையனையே அழைத்துப் படிக்கச் சொன்னேன். முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு தொகையாகப் படித்தான். கூட்டுத்தொகை வந்ததும் நிறுத்தி, விரல் விட்டு எண்ணித் தானே ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொண்டான். ஆசிரியர்கள் சிலர் முகம் சுளித்தனர். நான் காத்திருந்தேன். "சரியாத்தான் சார் இருக்கு" என்றான். பிறகு தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "இதை எங்கே ஒட்டணும் சார்?" என்று கேட்டான்.

தண்ணீர்ப் பானை இருந்த தாழ்வாரச் சுவரைக் காட்டினேன். அடுத்த மழைக்காலத்துச் சாரலில் நனைந்து உதிரும் வரை அது அங்கேயே இருந்தது.